பொடி எங்க வச்சான்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "அதாவது"க்களை முடிந்தவரை வெட்டிவிட்டேன். மீதி அப்படியே இருக்கிறது.)

போன வருஷம் ஆபீஸ் வேலையா மூணு வாரம் லண்டன் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, கையில் செலவழிக்க மனசில்லாத பவுண்ட். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அங்கே போனேன். கிரேக்கப் பகுதியில் கூட்டமெல்லாம் பார்த்தெனான் சிற்பங்கள் முன்னாடி நின்றது. எனக்கு அங்கே எட்டிப் பார்க்க இடம் கிடைக்கவில்லை. சும்மா சுத்திக்கொண்டிருந்தவன் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்றுவிட்டேன்.

உள்ளே தங்கத் தகடுகள். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. ரோட்ஸ் தீவில் காமிரோஸ் என்ற பழைய ஊரின் கல்லறைகளில் கிடைத்தவை, கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. சிலவற்றில் சிறகு வைத்த ஒரு பெண் தெய்வம், இரண்டு பக்கமும் சிங்கம். சிலவற்றில் மேலே பெண், இடுப்புக்குக் கீழே தேனீ. பக்கத்தில் மாதுளம்பழக் குஞ்சங்கள். இப்படிப் பல தகடுகளை வரிசையாக மார்பின் குறுக்கே தொங்கவிட்டுக்கொள்வார்களாம்.

என்னை நிறுத்தியது உருவமில்லை. அந்தத் தகடுகளின் ஓரத்தில், முடியில், சிறகில் எல்லாம் பொன்னாலேயே செய்த மணிகள் ஒட்டியிருந்தன. ரவையை எடுத்துத் தூவிய மாதிரி. ஆனால் தூவினால் வரிசை இருக்காது இல்லையா? இங்கே ஒவ்வொரு மணியும் அதனதன் இடத்தில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, வரி பிசகாமல் இருக்கிறது. முழு உருண்டை. தகட்டைத் தொடும் ஒரே ஒரு புள்ளியில்தான் பிடிப்பு.

போனில் எவ்வளவு ஜூம் பண்ண முடியுமோ அவ்வளவு பண்ணி ஒரு படம் எடுத்து, என் அம்மாவோட அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லணும். மதுரையில், தெற்காவணி மூல வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த பொற்கொல்லர். வயது 84. ரெடிமேட் நகை வந்ததும், மெஷினில் வார்த்த செயின் வந்ததும், பட்டறை மெதுவாகச் செத்துப்போனது. ஒரு மாமா பேங்க், ஒரு மாமா துபாய், பேரன் நான் கம்ப்யூட்டர். யாரும் குறடு பிடிக்கவில்லை. பிடிக்கவேண்டாம் என்று சொன்னதே அவர்தான், அது வேற கதை.

அன்று ராத்திரி வாய்ஸ் நோட் வந்தது. "தம்பி, வேலை பிரமாதம்ப்பா. மணியெல்லாம் ஒரே அளவா இருக்கு. ஆனா பொடி எங்க வச்சான்? பொடி ஓடின தடமே காணோமே. கண்ணாடிக்குள்ள இருக்கறதால தெரியலையா, இல்ல நிசமாவே இல்லையா?"

இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விதான். ஐரோப்பாவின் பெரிய பெரிய நகைக்கடைக்காரர்கள் நூறு வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. தாத்தாவுக்கு அது தெரியாது. படத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டார்.

முதலில் பொடி என்றால் என்ன. "பொடி வச்சுப் பேசுறான்", "பொடி வச்சு ஊதுறான்" என்று சொல்வோம் இல்லையா? அது பட்டறையிலிருந்து வந்த பேச்சு. இரண்டு தங்கத் துண்டை ஒட்டவேண்டும் என்றால், தங்கத்தைவிடச் சீக்கிரம் உருகும் ஒரு கலவையை அராவிப் பொடியாக்கி, வெண்காரத்தோடு சேர்த்து இடுக்கில் வைப்பார்கள். ஊதுகுழலால் தீயை ஊதினால் பொடி மட்டும் உருகி, இடுக்கில் ஓடி, இறுகிவிடும். காலேஜ் லேபில் நாம் போர்டில் சால்டர் வைத்தோமே, அதே விஷயம். அந்த ஈயக் கம்பியை நினைத்துப் பாருங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-ல் உருகும், சரியான விகிதத்தில் இரண்டையும் கலந்தால் 183-லேயே உருகிவிடும். கலவை, தன் இரண்டு பெற்றோரையும்விட முன்னாடி உருகுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

(ஒரு சின்ன விலகல். நகைக்கடையில் "கேடிஎம் தங்கம்" என்று கேட்டிருப்பீர்கள். அது தங்கத்தின் வகையே இல்லை, பொடியின் வகை. செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடியில் ஒட்டிய நகையை உருக்கினால் மாற்று குறையும். அதனால் காட்மியம் கலந்த பொடிக்குப் போனார்கள், சூட்டில் காட்மியம் பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்று. ஆவியானது ஊதுகிறவர் நெஞ்சுக்குள் போனது. இப்போது அதைக் கைவிட்டுவிட்டார்கள்.)

சரி. பொடி வைத்து மணிகளை ஒட்டினால் என்ன ஆகும்? ஒரு மணியின் அளவு கால் மில்லிமீட்டர் என்றால், எவ்வளவு நைசாக அராவினாலும் பொடித் துகள் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். உருகியதும் மணிகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் தண்ணீர் மாதிரி ஏறிவிடும். உருண்டைகள் தனித்தனியாகத் தெரியாது, சேற்றில் புதைந்த கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். அந்தக் காமிரோஸ் தகட்டில் சேறே இல்லை. தாத்தா பார்த்தது அதைத்தான்.

இப்போது கிரேக்கத்துக்குப் போவோம், ஆனால் 7-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால்.

மணி வேலையைக் கிரேக்கர்கள் கண்டுபிடிக்கவில்லை. கிரானுலேஷன் என்பது புத்தகப் பெயர், நான் தாத்தா சொன்னபடி மணி வேலை என்றே சொல்கிறேன். மெசபடோமியாவில், ஊர் நகரத்தின் கல்லறைகளில், கி.மு. 2500 வாக்கிலேயே அது இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நகர்ந்து கிரீட் தீவுக்கு வந்தது. கிரீட்டில் மாலியா என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதைகுழி வளாகம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கிறிஸோலக்கோஸ், அதாவது தங்கக் குழி. பெயரிலேயே துப்பு இருக்கிறது! 1930-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது ஒரு பதக்கம் கிடைத்தது. இரண்டு தேனீக்கள் எதிரெதிராக நின்று ஒரு தேனடையைப் பிடித்திருக்கின்றன. குளவி என்று சொல்கிறவர்களும் உண்டு. கி.மு. 1800-1700 வாக்கில் செய்தது, அகலம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த வட்டத் தேனடை முழுக்கப் பொன்மணிகள். ஹெராக்லியன் மியூசியத்தில் இருக்கிறது, படம் தேடிப் பாருங்கள்.

பிறகு கிரேக்க நிலப்பகுதியில் மைசீனி அரண்மனைகளின் காலம். 1876-ல் ஹைன்ரிஷ் ஷ்லீமன் தோண்டியெடுத்த தங்க முகமூடி எல்லோருக்கும் தெரியும், அகமெம்னான் முகமூடி என்பார்கள். ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய 300 வருஷம் முந்தையது அது, அகமெம்னானுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பில்லை. என்னை அதைவிட அதிகம் பாதித்தது ஒரு களிமண் பலகை. பைலோஸ் அரண்மனையில் கிடைத்தவற்றில் ஒன்று. லீனியர் பி என்ற எழுத்தில், அரண்மனை வேலைக்காரர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்: கு-ரு-ஸோ-வோ-கோ. பொன் வேலை செய்கிறவர்கள். அந்த எழுத்தை 1952-ல் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் மொழியியல் பேராசிரியர் இல்லை, கட்டடக்கலைஞர்.

அந்தப் பலகைகளில் கணக்கு உண்டு. எத்தனை ஆள், எவ்வளவு செம்பு, எவ்வளவு கோதுமை என்று. எப்படிச் செய்வது என்று ஒரு வரி கிடையாது. ஆபீஸில் பட்ஜெட் ஷீட் பக்காவாக இருக்கும், கோடில் ஒரு கமென்ட் இருக்காது பாருங்கள், அதே கதை. பலகைகள் இன்று இருப்பதே ஒரு விபத்து. அவை சுட்ட களிமண் இல்லை, வெயிலில் காய்ந்தவை. கி.மு. 1200-ஐ ஒட்டி அரண்மனை தீப்பிடித்து எரிந்தபோது சூளையில் வைத்த செங்கல் மாதிரி வெந்து கெட்டியாகிவிட்டன.

அந்தத் தீயோடு நிறைய போனது. கிரேக்கத்தின் பெரிய அரண்மனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எழுத்தே மறந்துபோனது. மணி வேலையும் மறந்துபோனது. யோசித்துப் பாருங்கள். தங்கம் வாங்குகிறவன் இல்லை என்றால் பொற்கொல்லர் என்ன செய்வார்? பையனை வேற வேலைக்கு அனுப்புவார். அந்தப் பையனுக்குப் பையன் பிறக்கும்போது கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. ரகசியம் காக்கவெல்லாம் வேண்டாம், இரண்டு தலைமுறை சும்மா இருந்தால் போதும். எங்கள் வீட்டில் ஒரே தலைமுறையில் முடித்துவிட்டோம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருள் வருகிறது. யூபியா தீவில் லெஃப்கான்டி என்ற ஊர். கி.மு. 950 வாக்கில் அங்கே ஒரு பெரிய நீள்கட்டடத்துக்குள் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் குதிரைகள். அந்தப் பெண்ணின் கழுத்தில் பொன் ஆரம், அதில் அருமையான மணி வேலை. ஆனால் அது அந்த ஊரில் செய்ததும் இல்லை, அந்தக் காலத்தில் செய்ததும் இல்லை. பாபிலோனியா பக்கம் செய்தது, புதைக்கும்போதே அதற்கு ஆயிரம் வருஷம் வயது இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோழர் காலத்து நகையை இன்று ஒருத்தர் போட்டுக்கொண்டு வருவது மாதிரி. எத்தனை கழுத்து மாறி வந்ததோ. அதைப் பார்த்த உள்ளூர்த் தட்டான் என்ன நினைத்திருப்பார்? என் தாத்தா கேட்டதையே அவரும் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் நூறு வருஷம் கழித்து வந்தது, வெளியூரிலிருந்து. 1967-ல் ஏதென்ஸில் அரியோபாகஸ் குன்றின் அடிவாரத்தில் ஒரு கல்லறை கிடைத்தது, கி.மு. 850 வாக்கிலானது. பணக்கார ஏதென்ஸ் சீமாட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சாம்பலோடு ஒரு களிமண் பெட்டி, அதன் மூடிமேல் ஐந்து குட்டி நெற்குதிர்கள் (அவர்களுக்குக் கோதுமைக் குதிர்). ஒரு ஜோடித் தங்கக் காதணி, அடியில் மாதுளம்பழங்கள் தொங்க, மேலே கம்பி வேலையும் மணி வேலையும். 2004-ல் எலும்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் வேறொன்றையும் கண்டுபிடித்தார்கள், அவள் இறக்கும்போது கர்ப்பமாக இருந்திருக்கிறாள்.

அந்தக் காதணியைச் செய்யும் கை கிரேக்கத்துக்கு எப்படித் திரும்ப வந்தது? ஃபினீஷியா, வட சிரியா பக்கம் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. அங்கிருந்து பொற்கொல்லர்கள் சிலர் வந்து ஏதென்ஸிலும் கிரீட்டிலும் பட்டறை போட்டு, உள்ளூர்ப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காதணியைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இல்லை இது. பக்கத்தில் உட்காரவேண்டும்.

ஹோமரின் இலியட் பாடல் வடிவம் எடுத்தது இதற்குக் கொஞ்சம் பிறகு. அதில் ஹீரா, கணவன் ஸூஸை மயக்குவதற்காக அலங்காரம் பண்ணிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூன்று மூன்றாகத் தொங்கும், மல்பெரிப் பழம் மாதிரியான காதணி போட்டுக்கொள்கிறாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப நாள் சண்டை. மணிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்த காதணிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்த பிறகு, பழத்துக்கும் நகைக்கும் ஒற்றுமை புரிந்தது.

அதே இலியட்டில் இன்னொரு இடம். ஹெஃபைஸ்டஸ், கொல்லர்களின் தெய்வம். கால் ஊனமாகப் பிறந்தான் என்று அவனைத் தாய் ஹீராவே தூக்கி எறிந்துவிடுகிறாள். தீட்டிஸும் யூரினோமியும் கடலடியில் ஒரு குகையில் அவனைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறார்கள். ஒன்பது வருஷம் அங்கே ஒளிந்திருந்து அவன் என்ன செய்தான் தெரியுமா? நகை. ஊசி, வளையல், மாலை. அக்கிலீஸின் பெரிய கேடயமெல்லாம் பின்னாடி வந்தது. வெளியே யாருக்கும் தெரியாமல் ஒரு குகைக்குள் உட்கார்ந்து நகை செய்த பையனாக அவன் தொழில் ஆரம்பிக்கிறது. அந்தக் கதையைக் கட்டியவர்கள் ஒரு பட்டறையையாவது எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கொல்லர்த் தெய்வத்துக்குப் பெயர் உண்டு, கொல்லர்களுக்குத்தான் இல்லை. கிரேக்கக் குயவர்கள் பானையில் கையெழுத்துப் போட்டார்கள். எக்ஸீகியாஸ் என்ற ஒருவர் செய்தது என்று இன்றும் படிக்கலாம். நகை செய்தவர்களின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுகூட நமக்கு வந்துசேரவில்லை. கையெழுத்துப் போட இடமும் இல்லை, பாவம்.

அதன் பிறகான வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் எட்ரஸ்கர்கள் இதைக் கற்றுக்கொண்டு கிரேக்கர்களையே தாண்டிப் போனார்கள். அவர்களின் மிகச் சிறிய மணி 0.14 மில்லிமீட்டர், நம் தலைமுடி இரண்டைச் சேர்த்துவைத்த கனம். அலெக்சாண்டர் பாரசீகத்தின் பொக்கிஷத்தைத் திறந்துவிட்ட பிறகு கிரேக்க உலகில் தங்கம் கொட்டியது. கூடவே கலர் கற்கள் வந்தன. கல் பதித்த நகை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும், மணி வேலைக்குக் கிட்டே வந்து பார்க்கும் ஆள் வேண்டும். ஃபேஷன் மாறியது. ரோமர் காலத்துக்குப் பிறகு, ஐரோப்பாவில் அது படிப்படியாக இரண்டாவது முறையும் மறைந்துபோனது.

1836. ரோமுக்குப் பக்கத்தில் செர்வெட்டரியில் ஒரு எட்ரஸ்கக் கல்லறையைத் திறக்கிறார்கள், ரெகோலினி-கலாஸி கல்லறை. உள்ளே இருந்த தங்கத்தில் மணி வேலை. ரோமில் கடை வைத்திருந்த ஃபோர்ச்சுனாட்டோ பியோ காஸ்டெல்லானி என்ற நகைக்காரருக்கு இது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. அவர் மகன்கள் அலெஸாண்ட்ரோ, அகஸ்டோ இருவருக்கும் அதே பைத்தியம். பழைய நகைகளை வாங்கினார்கள், பழுது பார்த்தார்கள், நகல் எடுத்தார்கள். ஒட்டுவது மட்டும் பிடிபடவில்லை. இத்தாலி மலைப்பகுதியில் ஸான்ட் ஆஞ்செலோ இன் வாதோ என்ற சின்ன ஊரில், கிராமத்துப் பெண்களுக்காகப் பழைய பாணியில் நகை செய்யும் கைவினைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களை ரோமுக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். மிக நைசாக அராவிய பொடி, புதுவிதமான உருக்குக்காரம் எல்லாம் முயற்சி பண்ணினார்கள். அவர்கள் கடை நகைகள் ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றன, இன்று மியூசியங்களில் இருக்கின்றன. ஆனால் பழையதற்குச் சமமாக வரவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சால்டர் நைசாக இல்லை என்பதுதான் பிரச்சினை என்று நினைத்து அதையே இன்னும் இன்னும் நைசாக்கிக்கொண்டிருந்தார்கள். நாமும் இப்படி எத்தனை ராத்திரி தப்பான ஃபங்ஷனை டீபக் பண்ணியிருக்கிறோம்!

விஷயம் என்னவென்றால், டாக்குமென்டேஷன் இருந்தது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போனாரே பிளினி, அவருடைய இயற்கை வரலாறு நூலின் 33-ஆம் பகுதியில் பொற்கொல்லர்கள் தங்கம் ஒட்டும் கலவை சொல்லப்பட்டிருக்கிறது. சைப்ரஸ் செம்பின் பச்சைக் களிம்பு, ஒரு சின்னப் பையனின் சிறுநீர், நைட்ரம் என்ற உவர்உப்பு. மூன்றையும் செம்புக் கல்வத்தில் அரைக்கவேண்டும். அந்தப் பச்சைப் பொருளுக்குக் கிரேக்கத்தில் பெயரே கிறிஸோகோல்லா, தங்கப் பசை! படித்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். அதில் உருகும் உலோகமே இல்லையே? களிம்பு எப்படித் தங்கத்தை ஒட்டும்?

1930-களில் இங்கிலாந்தில் லிட்டில்டேல் என்பவர் விடை சொன்னார், காப்புரிமையும் வாங்கினார். அவர் முறை இதுதான். செம்பு உப்பை ஒரு பசையோடு கலக்கவேண்டும். அதைத் தொட்டு மணிகளைத் தகட்டில் வரிசையாக ஒட்டிக் காயவிட வேண்டும். பிறகு சூடு. 100 டிகிரியில் செம்பு உப்பு செம்பு ஆக்ஸைடாக மாறும். 600-ல் பசை கருகிக் கரியாகும். 850-ல் அந்தக் கரி, ஆக்ஸைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது சுத்தமான செம்பு, அதுவும் மணியும் தகடும் தொடும் இடத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக. இப்போது அந்த ஈயக் கம்பி ஞாபகம் வருகிறதா? தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், செம்புக்கு 1085. இரண்டும் சேர்ந்தால் 900-ஐ ஒட்டியே உருகிவிடும். ஆகவே 890 சுமாருக்கு வந்ததும், தொடும் புள்ளி மட்டும் ஒரு கணம் திரவமாகி, மணியும் தகடும் ஒன்றாகிவிடும். மற்ற இடமெல்லாம் திடமாகவே இருக்கும். ஓடுவதற்குப் பொடி என்று ஒன்று இல்லவே இல்லை.

பழைய நகைகள் எல்லாமே இப்படித்தான் செய்யப்பட்டன என்று சொல்லிவிட முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தபோது சில நகைகளின் இணைப்பில் செம்பு கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. சிலவற்றில் அப்படித் தெரியவில்லை, வெறும் சூட்டிலேயே பிடிக்க வைத்திருக்கலாம். ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை கைப்பக்குவம் மாறியிருக்கும். ஜெர்மனியில் எலிசபெத் ட்ரெஸ்கோவ் என்ற பொற்கொல்லப் பெண்மணி, கிட்டத்தட்ட அதே காலத்தில் தானாகவே மணி வேலையை மீட்டெடுத்தார். ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு: புன்டஸ்லீகா ஜெயிக்கிற டீம் தூக்கிக் காட்டும் அந்த வெள்ளித் தட்டு, 1949-ல் அவர் வடிவமைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு தாத்தாவுக்குப் போன் பண்ணினேன். செம்புக் களிம்பு, பசை, கரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "அப்ப பொடி வெளிய இருந்து வரல. அங்கனயே பொறந்திருக்கு."

பொங்கலுக்கு மதுரை போனேன், மைக்கோடு. இரண்டு வாரம் முன்னாடியே செம்புக் கம்பியை வினிகரில் போட்டு நீலப் பச்சைக் களிம்பு தயார் பண்ணி வைத்திருந்தேன். பசைக்கு வேலம்பிசின் வாங்கிக்கொண்டு போனேன். தாத்தா அதைத் தள்ளிவைத்துவிட்டு, "பிசின் எதுக்கு? குன்றிமணி அரைச்சுக்குவோம்" என்றார். பொடி வைத்து ஊதுவதற்கு முன், துண்டுகள் நகராமலிருக்கக் குன்றிமணிப் பருப்பை அரைத்துத் தடவுவது அவர் பட்டறையில் வழக்கமாம். அதுவும் சூட்டில் கருகிக் கரிதான் ஆகும். பாதி ரெசிபி அவர் கையில் அறுபது வருஷமாக இருந்திருக்கிறது! (வீட்டில் முயற்சி பண்ணாதீர்கள். குன்றிமணிப் பருப்பு கொடிய விஷம்.)

மணி செய்வது எளிது. அம்மாவின் உடைந்த தோட்டுத் திருகாணியைப் பொடிப்பொடியாக நறுக்கி, கரித்தூளுக்கு நடுவில் ஒன்றை ஒன்று தொடாமல் வைத்து, மூசையில் சூடாக்கினோம். ஆறவிட்டுக் கரியைக் கழுவினால், குட்டி உருண்டைகள். தாமரை இலையில் தண்ணீர் உருண்டு நிற்குமே, அதே இழுவிசை. துண்டு சின்னதாக இருக்கும்வரைதான் முழு உருண்டை வரும், பெரிதானால் அடி தட்டையாகிவிடும்.

ஒட்டுவதுதான் வேலை. தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது, ஊதுகுழலை நான்தான் பிடித்தேன். "கன்னத்துல காத்த வச்சுக்க. வாயால ஊது, மூக்கால மூச்சு எடு. தீ நிக்கக்கூடாது" என்றார். கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள். நாற்பது செகண்டில் எனக்குத் தலை சுற்றியது, தீ திக்கித் திக்கி ஆடியது. அவர் தீயைப் பார்க்கவேயில்லை, தகட்டின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இரு... இரு... இப்ப இல்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்து, "எடு!" என்றார். நான் அரை செகண்ட் தாமதம். திருகாணி 22 காரட் வேறு. அதில் ஏற்கனவே செம்பும் வெள்ளியும் இருப்பதால் சுத்தத் தங்கத்தைவிட முன்னாடியே உருகும். மணி பிடிப்பதற்கும் மணியே தகட்டில் கரைவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி இன்னும் குறுகிப்போனது.

அந்த நிறம் என்ன நிறம் என்று மைக்கை நீட்டிக் கேட்டேன். செங்கல் நிறம் தாண்டணும், பூசணிப்பூ நிறம் வரக்கூடாது, நடுவில் ஒரு பளபளப்பு ஓடும், அப்போது எடுக்கணும் என்றார். எவ்வளவு நேரம் ஓடும் என்றேன். "ஓடும்போது தெரியும்."

பதினொரு மணி வைத்தோம். ஐந்து கருகிய பசையோடு உதிர்ந்துவிட்டது, மூன்று தகட்டுக்குள்ளேயே உருகிப்போனது, மூன்று நின்றது. தாத்தா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஓரத்துல இருக்கு பாரு, ஒண்ணு. அது மட்டும் சரியா நிக்குது. மத்த ரெண்டும் உக்காந்திருச்சு. நாளைக்குக் காலையில காப்பி குடிச்சிட்டு வா, வெயில் ஏறுறதுக்குள்ள இன்னொரு தடவை ஊதிப் பாப்போம்."